மின்னூல் படிப்பானில் கைக்குறிப்பு: பக்கத்தில் நிற்பதும் பாடத்தில் நிற்பதும்

ஆய்வுச்சுருக்கம்

மின்னெழுதுகோலால் எழுத இடந்தரும் மின்னூல் படிப்பான்கள் கடந்த சில ஆண்டுகளாகத் தமிழாய்வாளர்களிடையே புழக்கத்திற்கு வந்துள்ளன. இக்கருவிகளில் இடப்படும் அடிக்கோடு, அடைப்பு, ஓரக்குறிப்பு ஆகியவை நூலின் எப்பகுதியோடு, எவ்வகையில் இணைக்கப்படுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. குறிப்பானது நூலின் சொல்லோடு இணையாமல் பக்கத்தின் ஓர் இடத்தோடு மட்டுமே இணைவதால் ஆய்வில் நேரக்கூடிய பிழை, கட்டுரையாளரின் பட்டறிவைக் கொண்டு எடுத்துக்காட்டப்படுகிறது. தமிழ்ப் பதிப்பு மரபில் வழங்கும் பாட்டு முதற்குறிப்பு இச்சிக்கலுக்கு எவ்வளவு துணைசெய்யும் என்பதும், தமிழ்க் கையெழுத்தை எழுத்துருவாக மாற்றுவதில் உள்ள இடர்ப்பாடுகளும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மின்னூல் படிப்பான், மின்னெழுதுகோல், மின்தாள், ஓரக்குறிப்பு, முதற்குறிப்பு, எழுத்துணர்தல்.

முன்னுரை

இன்று தமிழிலக்கிய ஆய்வில் ஈடுபடும் ஒருவர் படிக்கும் பழைய பதிப்புகளுள் பெரும்பகுதி, வருடி எடுக்கப்பட்ட பிடிஎஃப் கோப்புகளாகவே அவர் கைக்கு வருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இதற்குப் பெரிதும் காரணமாகும். இம்மாற்றத்தில் பலரும் கவனியாத ஒன்று உண்டு. நூலகத்திலிருந்து எடுத்த புத்தகத்தில் யாரும் எழுதக் கூடாது; முந்தைய தலைமுறை ஆய்வாளர்கள் துண்டுத்தாளிலும் அட்டையிலும் குறிப்பெடுத்தமைக்கு அதுவும் ஒரு காரணம். கோப்பாகக் கிடைக்கும் நூல் அவ்வாறன்று. நூறாண்டுக்கு முந்தைய பதிப்பொன்றின் ஓரம் முதன்முறையாக ஆய்வாளரின் சொந்த இடமாகியிருக்கிறது. கணினித் திரையில் அவ்விடத்தைப் பயன்படுத்துவது அரிது. கையில் ஏந்திப் படித்து, படிக்கும்போதே எழுதக்கூடிய கருவி வந்த பின்னரே அது நடைமுறைக்கு வந்தது.

கலைச்சொல் குறித்து ஒரு சொல். ‘ஸ்டைலஸ்’ என்பதற்கு ‘எழுத்தாணி’ என்று வழங்குவாரும் உளர். பொருளளவில் அது பொருத்தமே. ஆயினும் எழுத்தாணி ஓலையைக் கீறுகிறது, கீறிய இடம் கரி பூசப்பட்டபின் துலங்குகிறது. இங்குப் பேசப்படும் கருவி எதையும் கீறுவதில்லை, எதையும் பூசுவதுமில்லை. எனவே இக்கட்டுரையில் ‘மின்னெழுதுகோல்’ என்ற சொல்லே ஆளப்படுகிறது.

மின்தாளும் மின்னெழுதுகோலும்

மின்தாள் திரையில் மிக நுண்ணிய உறைகள் பரப்பப்பட்டுள்ளன. ஒவ்வோர் உறையினுள்ளும் எதிரெதிர் மின்னூட்டம் பெற்ற கருந்துகள்களும் வெண்துகள்களும் மிதக்கின்றன. மின்புலத்தின் திசைக்கேற்ப ஒருவகைத் துகள் மேலே வருகிறது. மற்றது கீழே செல்கிறது. மின்சாரம் நின்ற பின்னும் துகள்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். எனவே இத்திரை தானாக ஒளிர வேண்டியதில்லை. தாளைப் போலவே வெளியொளியைத் திருப்பிக் காட்டுகிறது. இத்தொழில்நுட்பத்தை வணிகமாக்கிய இ இங்க் நிறுவனம் 1997இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்தவர்களால் தொடங்கப்பட்டது. 2004இல் ஜப்பானில் சோனியின் லிப்ரியே, 2007இல் அமெரிக்காவில் கிண்டில் என இத்திரை கொண்ட படிப்பான்கள் சந்தைக்கு வந்தன.

எழுதும் வசதி பிந்தி வந்தது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. அது முழுவதும் சரியன்று. 2006இலேயே நெதர்லாந்தின் ஐரெக்ஸ் நிறுவனம் வெளியிட்ட இலியட் என்னும் படிப்பானில் எழுதுகோல் இருந்தது. ஆனால் துகள்கள் இடம்மாற நேரம் பிடிப்பதால் கோடு கைக்குப் பின்தங்கியே தோன்றியது. இக்குறை வெகுவாகக் குறைந்த பின்னரே இக்கருவிகள் பரவின. நார்வேயின் ரிமார்க்கபிள் 2017இலும், கோபோ எலிப்சா 2021இலும், கிண்டில் ஸ்கிரைப் 2022இலும் வெளிவந்தன. ரிமார்க்கபிளின் இரண்டாம் வடிவத்தில் (2020) இத்தாமதம் 21 மில்லி விநாடி என அந்நிறுவனம் அறிவித்தது. எழுதும் பகுதியை மட்டும், கறுப்பு வெள்ளை ஆகிய இரு நிலைகளில் மட்டும் புதுப்பிப்பதால் இவ்விரைவு கைகூடுகிறது.

இவற்றுள் பலவற்றில் மின்காந்த ஒத்ததிர்வு முறை பின்பற்றப்படுகிறது. திரைக்கு அடியில் கம்பிச்சுருள்களால் ஆன வலைத்தட்டு ஒன்று உண்டு. அது மின்காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. எழுதுகோலினுள் உள்ள சிறு சுருளும் மின்தேக்கியும் அப்புலத்திலிருந்து ஆற்றலைப் பெற்று, அதே அதிர்வில் விடையனுப்புகின்றன. எந்தச் சுருளில் விடை வலுவாகக் கிடைக்கிறது என்பதைக் கொண்டு முனையின் இடம் கணிக்கப்படுகிறது. முனை அழுந்தும்போது அதிர்வெண் சற்று மாறுவதால் அழுத்தமும் அறியப்படுகிறது. ஆகவே எழுதுகோலுக்கு மின்கலம் வேண்டுவதில்லை. இவ்விளக்கத்தில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்றே: கருவி முதலில் அறிவது எழுத்தையன்று, சொல்லையுமன்று, ஒரு முனை எந்தெந்தப் புள்ளிகளைக் கடந்தது என்பதையே.

திரையின் அளவும் சிறு செய்தியன்று. தமிழ் நூல்களில் பெருவழக்காக உள்ள டெம்மி அளவுப் பக்கம் ஏறத்தாழ 8.5 அங்குல உயரமுடையது. 10.3 அங்குலத் திரையின் உயரம் ஏறக்குறைய 8.2 அங்குலம். ஆகவே அச்சுப்பக்கம் அதில் கிட்டத்தட்ட உண்மை அளவிலேயே அமையும். 7.8 அங்குலத் திரையில் அதே பக்கம் நான்கில் மூன்று பங்கிற்கும் சற்றுக் குறைவாகச் சுருங்கும்; பழைய பதிப்புகளின் சிற்றெழுத்து அடிக்குறிப்புகள் அதில் படிக்கத் தக்கனவாக இரா. ஓலைச்சுவடிப் படிமங்களுக்கு இரு திரைகளும் பயன்படுவதில்லை. ஓரடிக்கு மேல் நீண்ட ஏட்டைப் பெரிதாக்கி, நகர்த்தி நகர்த்திப் படித்துக்கொண்டே எழுதுதல் இயலாது என்பது பட்டறிவில் கண்டது.

நிலைப்பக்கமும் நெகிழ்பக்கமும்

மின்னூல்கள் இருவகை. ஒன்று, பக்க அமைப்பு மாறாத பிடிஎஃப்; இதை நிலைப்பக்கம் எனலாம். மற்றது, எழுத்தளவை மாற்றினால் வரிகளும் பக்கங்களும் தாமே மாறியமையும் இபப் முதலியன. இதை நெகிழ்பக்கம் எனலாம். கைக்குறிப்பின் தன்மை இவ்விரண்டிலும் வேறுபடுகிறது.

நெகிழ்பக்கத்தில் சிக்கல் வெளிப்படையானது. வாசகர் ஒரு சொல்லைச் சுற்றி வட்டமிடுகிறார். பின்னர் எழுத்தளவைக் கூட்டுகிறார். சொல் அடுத்த வரிக்கு, ஒருவேளை அடுத்த பக்கத்திற்கே, நகர்கிறது. வட்டம் எங்கே போகும்? அடிக்கோடு இரு வரிகளாக உடையலாம். ஆனால் ஐந்து வரிகளைத் தழுவி ஓரத்தில் இட்ட அடைப்புக்குறி அவ்வைந்து வரிகள் எட்டாகும்போது நீள வேண்டும். அதனருகில் எழுதிய சொற்களோ நீளக் கூடாது. எது குறி, எது எழுத்து என்று கருவி பிரித்தறிந்தாலன்றி இது நடவாது. மின்தாள் படிப்பான்கள் பரவுவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே இது ஆராயப்பட்டது. கோலோவ்சின்ஸ்கி, டெனூ ஆகியோர் 2002இலும், மைக்ரோசாப்ட் ஆய்வகத்தின் பார்ஜரான், மாஸ்கோவிச் ஆகியோர் 2003இலும், பாடம் இடம்பெயரும்போது கையெழுத்துக் குறிகளைக் கூடவே இடம்பெயர்க்கும் முறைகளை முன்வைத்தனர். குறிகளை அடிக்கோடு, வட்டம், ஓர அடைப்பு, ஓரக்குறிப்பு என வகைப்படுத்தி, ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி விதி அமைப்பதே இத்தகைய முறைகளின் சாரம்.

சந்தைக் கருவிகள் இச்சிக்கலைத் தீர்த்தன என்பதைவிடத் தவிர்த்தன என்பதே பொருந்தும். கிண்டில் ஸ்கிரைப் தொடக்கத்தில் நெகிழ்நூலின் வரிகள்மேல் நேரடியாக எழுத இடந்தரவில்லை. ஒட்டுத்தாள் போன்ற தனிக்கட்டத்தில் எழுதியதைப் பாடத்தின் ஓரிடத்தோடு கட்டி வைத்தது. 2024இன் இறுதியில் வந்த வடிவம் வரிகளுக்கிடையே இடத்தை விலக்கி, அதனுள் எழுதவிட்டது; பாடம் நகரும்போது அக்கட்டமும் கூட நகரும். இரண்டிலும் குறிப்பு பாடத்தைத் தொடாமல் பாடத்தின் பக்கத்தில் நிற்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. குறிப்புக்குப் பாடத்தில் ஒரு பற்றுக்கோடு வேண்டும் என்பதை இவ்வடிவமைப்பு ஒப்புக்கொள்கிறது.

நிலைப்பக்கம் இதற்கு நேர்மாறானது. அதில் சிக்கலே இல்லை என்று தோன்றும். ஆகவே அதுவே மிகுந்த எச்சரிக்கைக்குரியது. 2008இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட பிடிஎஃப் வரையறையில் கையெழுத்துக் குறிக்குத் தனி வகை உண்டு. கோடு கடந்த புள்ளிகள் பக்கத்தின் ஒரு மூலையிலிருந்து அளந்த தொலைவுகளாக, ஓர் அங்குலத்தின் 72இல் ஒரு பங்கை அலகாகக் கொண்டு பதிவாகின்றன. எந்தச் சொல்லின் கீழ் அக்கோடு நிற்கிறது என்பது பதிவாவதில்லை. வருடிய பழைய நூலாயின், பக்கம் முழுவதும் ஒரு படம். அதில் சொல் என்பதே கோப்புக்குத் தெரியாது. நாம் ‘இச்சொல்லை அடிக்கோடிட்டேன்’ என்கிறோம். கோப்பு ‘இப்பக்கத்தில் இவ்விடத்திலிருந்து அவ்விடம்வரை ஒரு கோடு’ என்கிறது. இரண்டும் ஒன்றாக இருப்பது, அப்படத்தின்மேல் அக்கோடு மாறாமல் இருக்கும்வரையில்தான்.

சில படிப்பான்கள் குறியைக் கோப்பினுள்ளும் வைப்பதில்லை. மூலக்கோப்பைத் தொடாமல், குறிகளைத் தனிக்கோப்பில் சேர்த்து, நூலின் பெயர், பக்க எண் ஆகியவற்றால் இணைக்கின்றன. மூலம் பழுதாகாமல் இருப்பது இதன் நன்மை. இதன் தீமையை அடுத்த பகுதி காட்டும்.

இடம்பெயர்ந்த இரண்டு பக்கங்கள்

இக்கட்டுரையாளரின் முனைவர் பட்ட ஆய்வு, இலக்கண உரைகளில் வரும் மேற்கோள்களைப் பற்றியது. ஓர் உரைநூலின் வருடிய படியை இரண்டாம் கையாக வாங்கிய மின்தாள் கருவியொன்றில் ஏற்றி, ஏறத்தாழ ஐந்து மாதங்கள் படித்துக் குறித்துவந்தார். மேற்கோள் ஒவ்வொன்றுக்கும் ஓர அடைப்பு இடப்பட்டது. மூலம் கண்டறியப்பட்டதற்கு ஒரு சரிக்குறி, கண்டறியப்படாததற்கு ‘மூ.இ.’ என்னும் சுருக்கம். இடையில் அதே பதிப்பின் தெளிவான வேறொரு படி கிடைத்தது. பழைய படி மங்கலாக இருந்தமையால், அதை நீக்கிப் புதிய படியை அதே பெயரில் ஏற்றினார். குறிகள் அனைத்தும் அப்படியே இருந்தன. கருவி பெயரையும் பக்க எண்ணையும் கொண்டே அவற்றை இணைத்திருந்தது என்பது அப்போது தெரியாது. குறிகள் அழியவில்லை என்று மகிழ்ந்ததே மிச்சம்.

புதிய படியை வருடியவர் முன்பகுதியிலிருந்த இரண்டு வெற்றுப் பக்கங்களை விட்டிருந்தார். அதனால் ஒவ்வொரு குறியும் தனக்குரிய பக்கத்தில் நில்லாமல் இரண்டு பக்கம் பிந்தியதன்மேல் நின்றது. உரைநூலின் பக்கங்கள் பெரும்பாலும் ஒரே தோற்றமுடையவை: நூற்பா, உரை, சிற்றெழுத்தில் மேற்கோள். ஓர அடைப்புகள் பல இடங்களில் தற்செயலாக வேறு மேற்கோள்களின் அருகிலேயே பொருந்தின. முற்றிலும் பொருந்தாதவை தென்பட்டபோது, கை தவறியிருக்கும் என்றே கொள்ளப்பட்டது. அதன்மேல் மேலும் நான்கு மாதங்கள் புதிய குறிகள் சேர்ந்தன.

மேற்கோள்களை வகைப்படுத்திய இயலின் வரைவைப் படித்த நெறியாளர் ஒரு வரியில் நிறுத்தினார். மூலம் கிடைக்காத மேற்கோள்களின் பட்டியலில் குறுந்தொகைப் பாடலடி ஒன்று இடம்பெற்றிருந்தது. முதுகலை மாணவரும் அறிந்த பாடல். “இதை எங்கே தேடினீர்கள்?” என்பதே அவர் கேட்ட ஒரே கேள்வி. தேடவே இல்லை; ‘மூ.இ.’ என்ற குறி அதனருகில் நின்றது, அவ்வளவே. பட்டியலை முழுவதும் சரிபார்த்தபோது அத்தகைய பிழைகள் பதினொன்று வெளிப்பட்டன. அவ்வரைவு அப்படியே சென்றிருந்தால், மறைந்துபோன நூல்களிலிருந்து வந்த மேற்கோள்கள் என்ற தலைப்பின்கீழ், கையிலிருக்கும் நூல்களின் அடிகள் அச்சேறியிருக்கும்.

திருத்தம் எளிதாகத் தோன்றியது. புதிய கோப்பின் தொடக்கத்தில் இரண்டு வெற்றுப் பக்கங்களைச் சேர்த்தால் பழைய குறிகள் தத்தம் இடத்திற்குத் திரும்பும். திரும்பவும் செய்தன. ஆனால் படியை மாற்றிய பின்னர் இட்ட குறிகள் இப்போது எதிர்த்திசையில் இடம்பெயர்ந்தன. எக்குறி எந்நாளில் இடப்பட்டது என்பதைக் கருவி காட்டவில்லை. ஆகவே ஒவ்வொன்றையும் இரண்டு படிகளோடும் ஒப்பிட்டு, எதற்குரியது என்று கையால் பிரிக்க வேண்டியதாயிற்று. மூன்று வாரங்கள் கழிந்தன.

இப்பணியில் ஒன்று தெளிவாயிற்று. சில குறிகளின் அருகில், சோம்பலில்லாத நாட்களில், மேற்கோளின் முதற்சொல்லும் எழுதப்பட்டிருந்தது. அவற்றைப் பிரிக்க நொடிப்பொழுதே ஆயிற்று. வெறும் அடைப்பும் சரிக்குறியுமே நேரத்தைத் தின்றன. சில குறிகளை எதனோடும் பொருத்த இயலாமல் கைவிட்டு, அப்பகுதியை மீண்டும் படிக்க நேர்ந்தது.

பற்றுக்கோடாக முதற்குறிப்பு

பக்கத்தை நம்பாமல் பாடத்தை நம்பிக் குறிப்பை நிறுத்துவது எவ்வாறு? உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2017இல் வெளியிட்ட வலைக்குறிப்பு மாதிரி இதற்கு ஒரு விடை தருகிறது. குறிப்பு சுட்டும் இடத்தை, ‘இத்தனையாவது எழுத்திலிருந்து இத்தனையாவது எழுத்துவரை’ என்று எண்ணாலும் குறிக்கலாம். சுட்டப்படும் சொற்களையே மேற்கோளாக, அவற்றுக்கு முன்னும் பின்னும் வரும் சில சொற்களோடு சேர்த்துப் பதிந்தும் குறிக்கலாம். பாடம் திருத்தப்பட்டால் எண் பிழைபடும். சொற்கள் பெரும்பாலும் தப்பும்.

தமிழ்ப் பதிப்புகளோடு பழகியவருக்கு இரண்டாம் முறை புதிதன்று. தொகை நூல்களின் பதிப்புகளில் இறுதியில் வரும் ‘பாட்டு முதற்குறிப்பு அகராதி’ இதே வேலையைச் செய்கிறது. பாட்டுக்கு அதன் முதற்சொல்லே அடையாளம். பதிப்பு மாறினாலும், பக்கம் மாறினாலும், பாட்டைத் தேடியடைய இயலும்.

எண்ணும் நமக்கு உண்டு. ஆனால் அதை நாம் நம்புமளவுக்கு அது உறுதியானதன்று. தொல்காப்பிய நூற்பாக்களை உரைகாரர்கள் ஒரே வகையில் பகுக்கவில்லை. ஓர் உரையில் ஒரு நூற்பாவாக நிற்பது மற்றோர் உரையில் இரண்டாகும்; அதன்பின் வரும் எண்கள் எல்லாம் விலகும். திருக்குறளில் அதிகாரத்தினுள் குறள்களின் வரிசை மணக்குடவர்க்கும் பரிமேலழகர்க்கும் வேறுபடுகிறது. எனவே ஓரத்தில் நூற்பா எண்ணை மட்டும் எழுதுவது, பக்க எண்ணை நம்புவதைவிடச் சற்றே மேலானது, அவ்வளவே. உரைகாரரின் பெயர்ச்சுருக்கம், எண், முதற்சொல் ஆகிய மூன்றும் சேர்ந்து நின்றால் அக்குறிப்பு எந்தக் கோப்பிலிருந்து பிரிந்தாலும் தன் இடத்தைத் தானே சொல்லும். உரைநடைப் பகுதிக்கு எண் இல்லாமையால் இரண்டு அல்லது மூன்று சொற்களை எழுதிக்கொள்ள வேண்டும். மின்னெழுதுகோலால் இதற்கு ஐந்து விநாடிக்கு மேல் ஆகாது.

சொல்லைக் கொண்டு நிறுத்துவதிலும் தமிழுக்கே உரிய இடர் ஒன்று உண்டு. இது கருவிகள் தாமே செய்யும் இணைப்பைப் பற்றியது. ஒருங்குறியில் ‘கொ’ என்பதை ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு குறிகளாலும் எழுதலாம். ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என மூன்று குறிகளாலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. இவை நிகரானவை என்று ஒருங்குறித் தரம் விதித்திருப்பினும், அவ்விதியைப் பின்பற்றாத செயலி எழுத்துகளை எண்ணும்போது ஒன்றில் இரண்டும் மற்றொன்றில் மூன்றும் காணும். ‘ஔ’ என்பதற்கு ஒகரமும் ளகரமும் தட்டச்சிட்டிருப்பின் நிலைமை இன்னும் மோசம். அவை நிகரானவையே அல்ல. பழைய எழுத்துருக்களில் அமைந்த கோப்புகளிலோ, பாமினி போன்றவற்றில், திரையில் தமிழாகத் தோன்றுவது உள்ளே உரோமன் எழுத்துகளாகவே இருக்கும். அதில் ஒரு வரியைத் தெரிந்தெடுத்து ஏற்றுமதி செய்தால் பொருளற்ற எழுத்துக்கூட்டமே வெளிவரும். கைக்குறிப்பின் தனிச்சிறப்பு இவ்விடத்தில் விளங்கும். கை எழுதியதற்குக் குறியாக்கம் ஏதும் வேண்டுவதில்லை. பாமினிக் கோப்பின்மேலும், வெறும் படத்தின்மேலும், ஒருங்குறிப் பாடத்தின்மேலும் அது ஒரே வகையில் நிற்கும்.

தமிழ்க் கையெழுத்தும் எழுத்துணர்தலும்

கையெழுத்தை எழுத்துருவாக மாற்றித் தேடும் வசதியை இக்கருவிகளின் விளம்பரங்கள் முன்னிறுத்துகின்றன. தமிழ்க்குறிப்புகளுக்கு இதை நம்பிக் குறிப்பெடுக்கும் முறையை அமைத்துக்கொள்வது இப்போதைக்குத் தக்கதன்று என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. காரணங்களைச் சொல்ல வேண்டும்.

எழுதப்படும்போதே கோடுகளின் வரிசையைக் கொண்டு எழுத்தை அறிவது, அச்சிட்ட பக்கத்தின் படத்திலிருந்து அறிவதைவிட ஒருவகையில் எளிது. முதலில் எந்தக் கோடு வந்தது என்ற செய்தி கூடுதலாகக் கிடைக்கிறது. தமிழில் அச்செய்தியே குழப்பமும் தருகிறது. ‘கெ’ என்று எழுதும்போது கை முதலில் கொம்பை இடுகிறது; ஒருங்குறியில் மெய் முன்னும் கொம்பு பின்னும் நிற்கும். ‘கோ’ என்பதில் குறியின் ஒரு பாதி மெய்க்கு முன்னும் மறுபாதி பின்னும் வரும். கருவி கண்ட வரிசையை மாற்றியமைத்தே பாடமாக்க வேண்டும். 247 எழுத்துகளையும் தனித்தனியே கற்பிக்க வேண்டியதில்லை என்பது உண்மையே. எச்பி நிறுவனத்தின் இந்திய ஆய்வகம் உருவாக்கி, 2006ஆம் ஆண்டுப் போட்டியொன்றில் பயன்பட்ட தமிழ்க் கையெழுத்துத் தரவுத்தொகுதி, 156 குறியீடுகளைக் கொண்டே தமிழ் எழுத்துகளை அடக்கியது. உயிர்மெய்களுள் பல, தனித்தனி உறுப்புகளின் சேர்க்கையே ஆதலால் இது இயன்றது.

ஆனால் அத்தகைய தரவுகளில் மக்கள் எழுத்தைப் பிரித்துப் பிரித்து, கவனமாக எழுதுகின்றனர். ஆய்வாளரின் ஓரக்குறிப்பு அவ்வாறு இராது. விரைந்தெழுதும் கையில் காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு மறைகிறது. எகர ஏகாரங்களைப் பிரிக்கும் சிறுகோடு விடுபடுகிறது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஒன்றாகின்றன. புள்ளி பல நேரங்களில் வருவதேயில்லை. எழுதியவர் சொல்லறிவால் நிரப்பிக்கொள்கிறார். ஓலைச்சுவடியிலும் பெரும்பாலும் புள்ளி இல்லை, எகர ஏகார வேறுபாடு இல்லை, காலும் ரகரமும் ஒரு தோற்றமே என்பதைச் சுவடி படித்தவர் அறிவர். அங்கே புள்ளி விடுபட்டமைக்கு ஏடு கிழியும் என்ற அச்சம் காரணமாகச் சொல்லப்படுகிறது. இங்கே காரணம் அவசரமேயன்றி வேறில்லை. எனினும் படிப்பவருக்கு விளையும் இடர் ஒன்றே. சுவடியைப் படிக்கப் பழகியவர் தம் ஓரக்குறிப்பையும் அவ்வாறே படித்துக்கொள்வார். செயலிக்கு அப்பயிற்சி இல்லை.

இதனோடு குறுக்கங்களும் சேர்கின்றன. ‘தொல். பொருள்.’, ‘நச்.’, ‘மே.கோ.’, மேற்படி என்பதற்கான குறி, இடையிடையே ஆங்கிலச் சுருக்கம், சிலரிடம் தமிழ் எண்கள் என ஓர் ஓரக்குறிப்பில் பல முறைமைகள் கலந்து வருகின்றன. ஒரு மொழியைத் தேர்ந்துகொண்டு எழுதச் சொல்லும் செயலி இவற்றின்முன் தடுமாறுவது இயல்பு. எனவே தேட வேண்டிய குறிப்பைக் கையால் எழுதி மாற்றுவதைவிட, வாரம் ஒருமுறை தாமே தட்டச்சிட்டுக்கொள்வதே குறைந்த உழைப்பில் முடிகிறது. அத்தட்டச்சு இரண்டாம் வாசிப்பாகவும் அமைகிறது.

கையால் எழுதினால் நன்றாக நினைவில் நிற்கும் என்ற கூற்றும் இக்கருவிகளுக்கு ஆதரவாகச் சொல்லப்படுகிறது. இதற்கு அடிப்படையாகக் காட்டப்படும் முல்லர், ஓப்பன்ஹைமர் ஆகியோரின் 2014ஆம் ஆண்டு ஆய்வு, கணினியில் குறிப்பெடுத்த மாணவர் கருத்துநிலை வினாக்களில் பின்தங்கினர் என்றது. 2019இலும் 2021இலும் வெளிவந்த மறுசோதனைகள் அவ்வளவு தெளிவான வேறுபாட்டைக் காணவில்லை. மேலும் அவை விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெடுப்பதைப் பற்றியவை. நூலின் ஓரத்தில் எழுதுவதைப் பற்றியவை அல்ல. ஆகவே அவ்வாதத்தை இங்கு மேற்கொள்ளவில்லை.

குறிப்பை வெளியெடுத்தல்

2009 ஜூலையில், விற்பனை உரிமை இல்லாத ஒருவர் விற்ற ஆர்வெலின் நூற்படிகளை அமேசான் நிறுவனம் வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்து தொலைவிலிருந்தே நீக்கியது. மிச்சிகனைச் சேர்ந்த பள்ளி மாணவர் ஒருவர் வழக்குத் தொடர்ந்தார். அவர் குறிப்புகள் அழியவில்லை. அவை சுட்டிய பாடம் போயிற்று. சுட்டுமிடம் இல்லாத குறிப்பு பயனற்றது என்பதே அவர் முறையீட்டின் உள்ளீடு. நிறுவனம் 1,50,000 டாலருக்கு உடன்பட்டு வழக்கை முடித்துக்கொண்டது. விலைக்கு வாங்கிய மின்னூலில் குறிப்பெடுப்பவர் இந்நிகழ்வை நினைவிற்கொள்வது நல்லது.

பிடிஎஃப் கோப்புகளில் குறிப்பை வெளியெடுக்க இருவழிகள் பொதுவாகக் கிடைக்கின்றன. ஒன்றில், குறிகள் பக்கத்தோடு ஒன்றாகக் கலந்த புதிய கோப்பு கிடைக்கும்; குறிகளைப் பின்னர் நீக்கவோ நகர்த்தவோ இயலாது. மற்றொன்றில், குறிகள் தனிப்பொருள்களாகவே இருக்கும். வேறு செயலிகளில் திறந்து திருத்தலாம், ஆனால் எல்லாச் செயலிகளும் அவற்றைக் காட்டும் என்ற உறுதியில்லை. பாதுகாப்பிற்கு முதல் வகையே ஏற்றது. கலந்துபோவது என்னும் அதன் குறையே இங்கு நிறைவாகிறது. எந்தப் படியின்மேல் எந்தக் குறி இடப்பட்டது என்பது பிரிக்க முடியாமல் உறுதிப்படுகிறது. மேலே சொன்ன நிகழ்வுக்குப்பின் இக்கட்டுரையாளர், மாத இறுதியில் இத்தகைய ஒரு படியை எடுத்து, கோப்பின் பெயரில் நூல், பதிப்பாண்டு, வருடிய இடம், எடுத்த நாள் ஆகியவற்றைச் சேர்த்து வைக்கிறார். வேறு படி கிடைத்தால், அது எவ்வளவு தெளிவாயினும், புதிய பெயரிலேயே ஏற்றப்படுகிறது.

இன்னொரு செய்தி, சுவடிகளையும் அரிய நூல்களையும் பயன்படுத்துவோர்க்கு. நூலகங்கள் சுவடிப் படிமங்களைத் தரும்போது, ஆய்வாளர் சொந்தப் பயன்பாட்டுக்கன்றிப் பிறர்க்கு அளிக்கக் கூடாது என்று எழுத்தில் உறுதி பெறுவதுண்டு. மின்னெழுதுகோல் படிப்பான்கள் பலவும், கோப்புகளையும் அவற்றின்மேல் எழுதியவற்றையும் தயாரிப்பாளரின் சேவையகத்திற்குத் தாமே அனுப்பி ஒத்திசைக்கின்றன. கருவியைத் தொடங்கும்போதே அவ்வசதி இயங்குநிலையில் இருப்பதும் உண்டு. அவ்வாறு சென்ற படிமம் பிறர்க்கு அளிக்கப்பட்டதாகுமா என்பதைக் கையொப்பமிடும் முன் நூலகரிடமே கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். தெளியும்வரை, அத்தகைய கோப்புகளை ஏற்றும் கருவியில் இணையத் தொடர்பை நிறுத்திவைத்து, கம்பிவழியே கணினிக்கு மாற்றுவதே தக்கது.